கேட்பவன் தோற்றவன்

"எங்கட சண்டையே இன்னும் முடியேல்லை. நீ போய் ரெண்டாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தின சண்டையைப் படிக்கப் போறியோ?"

நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் அப்பாவுக்குப் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டிய செல்வம் மாமா கேட்ட கேள்வி இது. நான் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் புறப்பட்ட நேரம். "டொக்டருக்குப் படிக்கலாம், கணக்குப் படிக்கலாம். செத்த கிரேக்கரைப் படிச்சு ஆருக்கு என்ன?" என்றும் சேர்த்துக்கொண்டார். அப்பா கத்தியைக் கழுவி முடித்தார். பிறகு சொன்னார்: "எங்கட வீட்டிலை ஆரும் ஒண்டும் படிக்கேல்லை, செல்வம். அவள் எதைப் படிச்சாலும் எங்களுக்குப் புதுசுதான்."

அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதை நான் தணிந்த குரலில் சொல்வதில்லை. பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்தில் ஒரு விரிவுரையில் கேட்ட ஒரு செய்தி என்னை அந்தப் பாடத்தோடு கட்டிப்போட்டது. ஏதென்சில் வசதியுள்ள விவசாயி சொந்தக் காசில் கேடயமும் ஈட்டியும் வாங்கிக்கொண்டு தரையில் நின்று போரிட்டான். கேடயம் வாங்க வசதியில்லாதவன் போர்க்கப்பலில் துடுப்புப் போட்டான். நகரத்தின் உயிர் கப்பற்படையை நம்பியிருக்கும் காலம் வந்ததும், துடுப்புப் போட்டவனின் குரலையும் அவையில் கேட்டே ஆகவேண்டியதாயிற்று. அன்று விடுதிக்குத் திரும்பியதும் அப்பாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "கெட்டிக்காரர்தான்" என்றார். துடுப்புப் போட்டவர்களைத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இது வேலையை விட்டு ஓய்வுபெறுகிறவர்கள் எழுதும் வகைக் கட்டுரை என்று தெரியும். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒஸ்லோவின் மேல்நிலைப் பள்ளியொன்றில் இருமொழி ஆசிரியையாக இருந்த இந்த வருடங்களை முடித்துக்கொண்டு, வரலாறு கற்பிக்கப் போகிறேன். அதனால் எழுதச் சொன்னார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதன் விவரம் தெரியும். ஊரிலிருந்து அண்மையில் வந்த பிள்ளைகள் வகுப்பில் நோர்வேஜிய மொழியில் கேட்டுப் பாதி விளங்கிய பாடத்தை, நாங்கள் பக்கத்தில் இருந்து தமிழில் முழுதாக விளங்கவைக்கிறோம். கால அட்டவணை, படிவம், சம்பளப் படி எல்லாம் அலுவலகத்தில் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது நிறோஜாவின் பரீட்சை பற்றி.

நிறோஜா பதினேழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். ஒஸ்லோவின் ஓரத்தில் பியோர்ண்டாலில் அக்கா குடும்பத்தோடு இருந்தாள். என்னிடம் வந்தபோது பத்தொன்பது. மெலிந்த உடம்பு, பெரிய கைகள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். நான் அவளை முதலில் கவனித்தது ஒரு கலவரத்தின் நடுவில்.

கிரேக்கரின் போர் அணியைப் படத்தில் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் உணவுச்சாலைத் தட்டுகளை வாங்கி இடக்கையில் பிடிக்கச் சொல்லி, நடைவழியில் தோளோடு தோள் நிறுத்தி நடக்கவிடுவேன். கேடயம் இடப்பக்கத்தைத்தான் மறைக்கும். உங்கள் வலப்பக்கத்தை மறைப்பது வலப்பக்கத்து ஆளின் கேடயம். ஆகவே ஒவ்வொருவரும் தன்னை அறியாமல் வலப்பக்கத்து ஆளோடு ஒட்டுவார். கடைசியில் முழு அணியும் வலதுபுறமாகச் சரிந்துகொண்டு போகும். அந்தக் காலத்துப் படைகளுக்கும் இதே தொல்லை இருந்தது. ஒவ்வொரு வருடமும் என் படை நேராகப் புறப்பட்டு, தீயணைப்புக் கருவி இருந்த அலுமாரியில் போய் மோதும். எல்லோரும் சிரிப்பார்கள், பாடம் ஒருபோதும் மறக்காது.

அந்த வருடம் வலது ஓரத்தில் நிறோஜா நின்றாள். அவள் சரியவில்லை. மற்றவர்கள் இடதுபுறமிருந்து நெருக்க நெருக்க, அவள் கால்களை ஊன்றி நின்றுவிட்டாள். அணி நடுவில் மடிந்து, தட்டுகள் எல்லாம் சீமெந்துத் தரையில் விழுந்த சத்தத்துக்கு அதிபர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நான் என் வடக்குக் கடற்கரை நோர்வேஜியத்தில், இது வரலாறு என்று விளக்கினேன். ஒஸ்லோவில் ஒரு தமிழ்ப் பெண் பாட்ஸ்பியோர்ட் மீனவரைப்போலப் பேசினால் யாருக்கும் கோபம் நிலைப்பதில்லை. அவர் சிரித்துவிட்டுப் போனார்.

"நீர் ஏன் நகரேல்லை?" என்று நிறோஜாவைக் கேட்டேன்.

"நான் நகர்ந்தால் எனக்கு இடப்பக்கம் நிக்கிறவளுக்கு ஆர் ரீச்சர் மறைப்பு?"

"உமக்கு?"

"எனக்குத்தான் அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லையே. பேந்தென்ன?"

வாய்மொழிப் பரீட்சை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாடமும் தலைப்பும் கடைசியில்தான் கைக்கு வரும். தயாரிக்க இரண்டு நாள். பச்சைத் துணி விரித்த மேசையின் ஒரு பக்கத்தில் மாணவர்; மறுபக்கத்தில் பாட ஆசிரியரும், வேறு பள்ளியிலிருந்து வரும் வெளித்தேர்வாளரும். இருமொழி ஆசிரியருக்கு அங்கே இடமில்லை. கதவுவரைதான் எங்கள் எல்லை.

நிறோஜாவுக்கு அந்த ஆனி மாதம் வரலாறு விழுந்தது. குலுக்கலில் அவள் எடுத்த தலைப்பு: பண்டைய கிரேக்கரின் போர்முறையும் அது அவர்களுடைய சமூகத்தில் ஏற்படுத்திய விளைவும். நான் உள்ளுக்குள் துள்ளினேன். ஆறு வருடம் படித்த விஷயம் என் மாணவியின் கையில் வந்து விழுந்திருக்கிறது!

வரலாற்று ஆசிரியர் துள்ளவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், எங்கள் பிள்ளைகளின் பெயர்களைச் சரியாக உச்சரிக்கப் பழகியவர்.

"அவள் போர் நடந்த இடத்திலிருந்து வந்தவள். இந்தத் தலைப்பு அவளுக்கு வேண்டாம். ஒரு மருத்துவரின் கடிதம் கிடைத்தால் பரீட்சையை இலையுதிர்காலத்துக்குத் தள்ளலாம்."

"அவளிடம் கேட்டீர்களா?"

"கேட்டால் முடியும் என்றுதான் சொல்வாள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்."

பரீட்சையைத் தள்ளினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த வருடத் தாதியர் கல்லூரி இடம் போகும். அக்காவின் வீட்டில் நான்கு பேருக்கு இரண்டு அறை. ஒரு வருடம் சும்மா இருக்கமுடியாது. துப்புரவு வேலைக்குப் போவாள். போனவர்களில் திரும்பி வந்து படித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஆனாலும் ஆசிரியர் சொன்னதில் நியாயம் இருந்தது. போரிலிருந்து வந்த ஒருத்தியைப் போரைப் பற்றிப் பேசவைத்து, நடுவில் அவள் உடைந்துபோனால், அந்த அறையில் அவளோடு நான் இருக்கமாட்டேன்.

நிறோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரக்கப்பட்டு எதையும் மறைக்கவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இலையுதிர்காலத்திலை நான் வேறை இடத்திலை இருந்து வந்தவளாயிடுவனோ?"

அன்று மாலை ரீ-பானா என்கிற சுரங்க ரயிலும் பேருந்தும் ஏறி பியோர்ண்டாலுக்குப் போனேன். நிறோஜாவின் ராஜி அக்கா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தார். அத்தான் பேருந்துச் சாரதி. சீருடையைக் கழற்றாமலே மேசையில் வந்து உட்கார்ந்தார். பாடத்தில் அவருக்கு எங்களைவிட ஆர்வம்.

"ஸ்பார்ட்டாவைச் சொல்லு பிள்ளை! ஏழு வயசிலை பெடியளைப் பயிற்சிக்கு அனுப்பிப்போடுவினமாம். தாய் கேடயத்தைக் குடுத்து, ஒண்டில் இதோட வா, இல்லாட்டி இதுக்கு மேலை கிடந்து வா எண்டு சொல்லுவாவாம். கேக்கவே மயிர் சிலிர்க்குதெல்லோ?"

"உங்கட மகனுக்கு ஆறு வயசு, அத்தான். வாற வருசம் அனுப்புவமோ?" என்றாள் நிறோஜா.

"அவனையோ? அவன் தனியா ரொய்லற்றுக்கே போகான்."

அடுப்படியிலிருந்து அக்கா சிரித்தார். பிறகு நிறோஜா என் பக்கம் திரும்பினாள். "அந்த ஆம்பிளையள் முழுநாளும் பயிற்சி எண்டால் வயலை ஆர் ரீச்சர் பாத்தது?"

அடிமைக் குடியானவர்கள் பார்த்தார்கள் என்றேன். ஸ்பார்ட்டாவின் குடிமக்களைவிட அவர்கள் எத்தனையோ மடங்கு கூட. என்றைக்காவது எழும்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் ஸ்பார்ட்டா இரவும் பகலும் ஆயுதத்தோடு இருந்தது. அந்தப் பயத்திலேயே தன் பிள்ளைகளையும் வளர்த்தது. தலைமுறை தலைமுறையாகக் குடிமக்களின் தொகை சுருங்கிக்கொண்டே போனது.

"அப்ப அது வீரம் இல்லையோ?" என்றார் அத்தான், கையிலிருந்ததைப் பறித்துவிட்டதுபோல.

"வீரமும்தான் அத்தான். பயமும்தான்," என்றேன்.

ஏதென்சைப் பற்றிச் சொன்னேன். போரில் இறந்தவனின் பிள்ளையை நகரமே வளர்த்து, வயதுக்கு வந்ததும் எல்லோரும் பார்க்கும்படி நாடக அரங்கில் நிறுத்திக் கவசம் கொடுத்ததைச் சொன்னேன். நீண்ட போர் குடும்பங்களை வறுமையில் தள்ளியபோது, நல்ல குடும்பத்துப் பெண்களும் மற்றவரின் பிள்ளைக்குப் பாலூட்டும் கூலிக்கும் திராட்சைத் தோட்ட வேலைக்கும் போனதைச் சொன்னேன். "அது எங்களுக்குத் தெரியும்" என்றார் அக்கா, கையைத் துடைத்தபடி. முதியோர் இல்லத்துக்கு முன்னர் அவர் மூன்று இடங்களில் துப்புரவு செய்தவர்.

பிறகு, எப்போதும் சொல்கிற கதையைச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் அது ஒரே ஒரு வரிதான்.

போர் முடிந்ததும் எந்தப் பக்கம் வென்றது என்பதற்குக் கிரேக்கரிடம் ஒரு வழக்கம் இருந்தது. களத்தைக் கையில் வைத்திருப்பவனிடம் மற்றவன் தூதுவனை அனுப்பி, இறந்த தன் ஆட்களின் உடல்களை எடுக்கப் போர்நிறுத்தம் கேட்பான். கேட்டுவிட்டால் தோல்வியை ஒத்துக்கொண்டான் என்று பொருள். வென்றவன் கட்டாயம் கொடுக்கவேண்டும். ஒருமுறை ஏதென்சின் தளபதி ஒருவன் வென்றுவிட்டான். வெற்றியின் அடையாளமாக, எதிரியின் கவசம் தொங்கவிட்ட மரத்தையும் நாட்டிவிட்டான். கப்பல் ஏறிய பிறகு எண்ணிப் பார்த்தால் இரண்டு உடல்களைக் காணவில்லை. திரும்பிப் போய் எதிரியிடம் தூதுவனை அனுப்பினான். இரண்டே இரண்டு பேருக்காகத் தன் வெற்றியைத் தானே விட்டுக்கொடுத்தான்.

நிறோஜா எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"தோத்தவை கேட்டால் மற்றவை குடுப்பினமோ?"

"ஓம். குடுக்கவேணும். அது கடவுளின்ர சட்டம் எண்டு நம்பினவை. பிறகு சண்டை நீள நீள, அதையும் சில இடத்திலை மீறிச்சினம்."

"போர்நிறுத்தம் எண்டு ஒண்டு வாறதே இதுக்குத்தானோ ரீச்சர்?"

அங்கே ஊரில் அப்போது போர்நிறுத்தம் என்ற பெயர் இன்னும் மிச்சமிருந்தது. நான் பதில் சொல்லுமுன் அடுப்படியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது.

"காணும்," என்றார் ராஜி அக்கா. "சோதினைக்குப் போற பிள்ளை செத்தவீட்டுக் கதை கதைக்கிறதே? அத்தான் சொன்ன மாதிரி ஸ்பார்ட்டாவைச் சொல்லிப்போட்டு வா."

"நான் இதைத்தான் சொல்லப்போறன், அக்கா."

"சொல்லமாட்டாய்."

அத்தான் எழுந்து மகனைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குத் தெரியாதிருந்ததை அன்று தெரிந்துகொண்டேன். நிறோஜா சிறு பிள்ளையாக இருந்தபோது அவர்களுடைய அப்பா சைக்கிளில் சந்தைக்குப் போனார், திரும்பவில்லை. யார் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், ஒன்றும் தெரியாது. ஊரில் இருக்கும் அம்மா இன்றும் பொட்டு வைக்கிறார். திவசம் கிடையாது. போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது பலர் காணாமற்போன தங்கள் ஆட்களைப் பற்றி விசாரிக்கப் போனார்கள். ஒஸ்லோவிலிருந்தே விசாரிக்க ஓர் அலுவலகம் இருந்தது. நிறோஜா எத்தனையோ தடவை கேட்டும் அக்கா சம்மதிக்கவில்லை.

அக்கா என்னைப் பலகணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கீழே பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனி மாத வெளிச்சம் போகவே போகாது.

"நாங்கள் போய்க் கேட்டால், ஆள் இல்லை எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி எல்லோ, ரீச்சர்? பிறகு அம்மாவின்ர பொட்டை ஆர் அழிக்கிறது, நானோ?"

ஓர் அரை மணி நேரத்துக்கு முன் நான் கதையாகச் சொன்ன அதே சட்டம். அதைப் படித்தவர் யாரும் அந்த வீட்டில் இல்லை. ஆனால் அந்த வீடு பல வருடங்களாக அதற்குள்தான் இருந்திருக்கிறது.

"நீங்கள் சொன்னால் கேப்பாள்," என்றார் அக்கா. "வேறை மாதிரிச் செய் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. உள்ளை போய் அழுதுபோட்டு வந்தால் ஆர் பொறுப்பு? இடமும் போகும், மானமும் போகும்."

தம்பி தங்கைகளே, நீங்கள் இந்த வேலையில் இருக்கும் காலத்தில் இப்படி ஒரு பலகணியில் நிச்சயம் நிற்பீர்கள். பாதுகாப்பான வழி என்னிடம் தயாராக இருந்தது: அணிவகுப்பு, ஸ்பார்ட்டா, ஏதென்ஸ், முடிவுரை. யார் சொன்னாலும் சித்தியடையலாம். என்னுடைய பெருமையும் அதைத்தான் சொல்லிற்று, என் மாணவி தவறக்கூடாது என்று. ஆசிரியர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். இருவருக்கும் அவள்மேல் உண்மையான அன்பு. இருவருமே அவளை வலது ஓரத்திலிருந்து நகர்த்தப் பார்த்தார்கள். நகராமல் நிற்பது அவளுக்குப் பழக்கம் என்பது தட்டுகள் விழுந்த அன்றிலிருந்து எனக்கு மட்டும் தெரியும்.

"அக்கா, அவளுக்குப் பத்தொன்பது வயசு," என்றேன். "எதைச் சொல்லவேணும் எண்டு அவள் முடிவெடுக்கட்டும். விழுந்தால் எப்பிடி எழும்புறது எண்டதை நான் பாக்கிறன்."

"விழமாட்டாள் எண்டு சொல்லமாட்டியளோ?"

"சொல்லமாட்டன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஆனால் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் முழுவதும் நிறோஜாவும் நானும் பள்ளி நூலகத்தில் இருந்தோம். என்ன சொல்வது என்பதில் நான் கைவைக்கவில்லை. பிழையான தகவலை மட்டும் திருத்தினேன். என் நேரம் வேறொன்றில் போயிற்று. "நடுவிலை குரல் நிண்டுபோனால், அடுத்த வசனம் என்ன?" என்று கேட்டேன். அவளிடம் இல்லை. அழாதே, துணிவாக இரு என்று சொல்லி ஒருவரையும் அந்த அறைக்குள் அனுப்பாதீர்கள். அந்தச் சொற்களில் கால் வைக்க இடமில்லை. ஒரு வசனம் கொடுங்கள். எந்த இடத்தில் விழுந்தாலும் பிடித்து எழும்பக்கூடியதாக, உண்மையானதாக, உணர்ச்சி இல்லாததாக. நான் எனக்குப் பிடித்ததைக் கொடுத்தேன்: "கேடயம் வாங்க வசதியில்லாதவர்கள் துடுப்புப் போட்டார்கள்." நோர்வேஜிய மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். அவள் என் வடக்கு உச்சரிப்பிலேயே அதைப் பிடித்துக்கொண்டாள்.

பரீட்சை நாள். நடைவழியில் நானும் அவளும் நின்றபோது ராஜி அக்கா வந்தார். முதியோர் இல்லச் சீருடை, கையில் தேநீர்ப் போத்தல். தங்கையின் கலைந்திருந்த பின்னலை இழுத்துச் சரிசெய்துவிட்டார். கதவு திறந்தது. பச்சைத் துணியின் ஒரு மூலையும், அதன் பின்னால் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்ணும் தெரிந்தார்கள். அவர்தான் வெளித்தேர்வாளர். கதவு மூடியது.

"என்ன சொல்லுறாள் எண்டு கேக்குதோ?" என்றார் அக்கா.

"இல்லை, அக்கா."

"உங்கட படிப்புக்கும் இந்தக் கதவு திறக்காதோ?"

அவர் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் போய் நின்றது.

உள்ளே நடந்ததை நிறோஜா பிறகு சொன்னாள், ஆசிரியரும் சொன்னார். தொடக்கத்தில் தட்டுத் தடுமாறினாள். போர்நிறுத்தத்துக்கு வந்ததும் சரளமாகப் பேசினாள். வென்ற தளபதி இரண்டு உடல்களுக்காகத் திரும்பிய கதையைச் சொல்லி முடித்தபோது வெளித்தேர்வாளர் கேட்டார்: "ஒருவன் தன் வெற்றியையே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது?"

நிறோஜா சொன்னாளாம்: "வீட்டில் இருப்பவர்களுக்கு, உலையில் அவருக்கும் அரிசி போடுவதா இல்லையா என்று தெரியவேண்டும்."

அதோடு குரல் நின்றுவிட்டது. ஆசிரியர் தண்ணீரை எடுக்கக் கையை நீட்டினார். வெளித்தேர்வாளர் தன் விரலை மேசையில் லேசாக உயர்த்தி அவரைத் தடுத்தார். பரவாயில்லை என்றோ, நேரம் எடுத்துக்கொள் என்றோ சொல்லவில்லை. தலையைக் குனிந்து எழுதவும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். "அவ என்னைப் பாவம் எண்டு பாக்கேல்லை, ரீச்சர்," என்றாள் நிறோஜா. "அதாலைதான் வசனம் ஞாபகம் வந்தது."

கேடயம் வாங்க வசதியில்லாதவர்கள் துடுப்புப் போட்டார்கள், என்று சொல்லியிருக்கிறாள்.

"அதற்கும் நீ சொன்னதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டார் வெளித்தேர்வாளர்.

நான் அந்த வசனத்தைக் கைபிடிச் சுவராகத்தான் கொடுத்திருந்தேன். அவள் அதைக் கதவாக்கினாள். போரின் கடைசிக் காலத்தில் ஏதென்ஸ் ஒரு பெரிய கடற்போரில் வென்றது. உடைந்த கப்பல்களில் இருந்தவர்களைப் புயலில் எடுக்க முடியாமல் போயிற்று. வென்ற தளபதிகளை நகரம் விசாரித்து, கையில் அகப்பட்டவர்களைக் கொன்றது. பிறகு அதற்காக வருந்தியது. இது பாடத்தில் உண்டு. நிறோஜா சொன்னது என்னவென்றால், தண்ணீரில் விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் துடுப்புப் போட்டவர்கள். ஏழைகள். அவையில் குரல் இல்லாத நகரமாக இருந்தால் அவர்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். குரல் இருந்ததால் அவர்களின் ஆட்கள் கேட்டார்கள். ஆனால் நெடுங்காலப் போர் கேட்கும் முறையைக் கெடுத்துவிட்டிருந்தது. அதனால் நீதி கேட்கப் போன இடத்தில் பழி நடந்தது. போர் ஒரு சமூகத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு இதுதான் தன் பதில் என்றாள்.

இந்தத் துறையை ஆறு வருடம் படித்தவள் நான். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

கதவு திறந்து அவள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, முதுகு நேராக இருந்தது. புள்ளிக்காகக் காத்திருந்தோம். ஆறுக்கு நான்கு கொடுத்தார்கள். தாதியர் கல்லூரிக்கு அது போதும். ஏன் ஐந்து இல்லை என்று எனக்கு உடனே கேட்கவேண்டியிருந்தது. "அவள் ஸ்பார்ட்டாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை," என்றார் ஆசிரியர். அக்கா அதை அத்தானுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அந்தக் குரல் எங்களுக்கும் கேட்டது: "நான் சொன்னனானெல்லோ! நான் சொன்னனானெல்லோ!"

நிறோஜா தோழிகளிடம் ஓடிப்போனாள். அக்கா தேநீர்ப் போத்தலைத் திறந்து எனக்கு ஊற்றினார். அரிசியைப் பற்றி அவள் சொன்னதை அப்போது அவருக்கும் சொன்னேன். நீண்ட நேரம் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அம்மா இப்பவும் ஒரு சுண்டு அரிசி கூடத்தான் போடுறவ," என்றார். பிறகு: "அந்தத் தளபதியை ஊரிலை தோத்தவன் எண்டோ சொன்னவை?"

"விதிப்படி தோத்தவன்தான், அக்கா. ஆனால் அண்டைக்கு அவனை எதிர்த்து நிண்ட தளபதியின்ர பேரை இண்டைக்கு ஆரும் சொல்லுறேல்லை."

நான் இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உண்மையாக அப்படித்தான் நினைத்தேன். அக்கா தேநீரைக் குடித்து முடித்தார். விசாரிக்கிற அந்த அலுவலகம் எந்த ரீ-பானா நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அடுத்த வாரம் அக்காவும் தங்கையும் போய்க் கேட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. ஊரில் போர்நிறுத்தமும் இப்போது இல்லை. ஆனால் அவர்கள் கேட்டுவிட்டார்கள். நிறோஜா இந்த வருடம் தாதியாகிறாள்.

சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அன்று மேலங்கியை மாட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார், தலையசைத்தார், அவ்வளவுதான். இந்த வேலையில் நான் அறிந்த மிகச் சிறந்த முடிவு அவர் உயர்த்திய அந்த ஒரு விரல். அதைக் கதவுக்கு வெளியில் நின்று கற்றுக்கொள்ள முடியாது என்பதால், ஆசிரியர் பயிற்சியின் மீதியை மாலை வகுப்புகளில் முடித்து, வரலாற்றுக்கு வெளித்தேர்வாளராகப் பதிந்துகொண்டேன்.

போன வாரம் என்னை முதன்முறை அழைத்தார்கள். ஒஸ்லோவின் மறுகரையில் ஒரு பள்ளி. பச்சைத் துணியின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலாவதாக வந்த மாணவி நன்றாகத் தொடங்கி, பாதியில் நின்றுபோனாள். பக்கத்தில் இருந்த ஆசிரியர் தண்ணீருக்குக் கையை நீட்டினார். நான் விரலை உயர்த்தினேன்.

காத்திருந்தேன்.